துளை போடுவதற்கு முன்

டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஜூனில் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அதுவரை எந்தக் கிட்டாரும் ஏலத்தில் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. பிங்க் ஃபிளாய்டின் புகழ்பெற்ற தனி வாசிப்புகள் பல பிறந்த கருவி என்பதால் விலையில் வியப்பில்லை. கருவியின் நிலைதான் யோசிக்கவைக்கிறது. 1970-இல் மேனிஸ் என்ற நியூயார்க் கடையில் வாங்கிய அந்தக் கிட்டாரில், வாங்கியபோது இருந்த பாகங்கள் சொற்பமே மிஞ்சியிருந்தன. கழுத்து பலமுறை மாறியிருக்கிறது. பிக்கப்புகள் மாறியிருக்கின்றன. வெள்ளை முகத்தகடு இருந்த இடத்தில் கறுப்புத் தகடு. ட்ரெமலோ கைப்பிடி குட்டையாக்கப்பட்டது. 1980-களில் வேறொரு ட்ரெமலோவைப் பொருத்துவதற்காக உடலின் மரத்தையே குடைந்து, பிற்பாடு அடைத்திருக்கிறார்கள்.

கில்மோரின் கிட்டாரைப் போலவே 1969-ஆம் வருடத்து ஸ்ட்ராட் ஒன்றை, அதே அளவு வெட்டிக் குடைந்து, பெயர் தெரியாத ஒருவர் கடைக்கு எடுத்துப்போனால், கைபடாத கிட்டாருக்குக் கிடைக்கும் விலையில் பாதிகூடக் கிடைக்காது. யார் வாசித்தது என்ற வரலாறு சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு வெட்டும் அந்த வரலாற்றின் பகுதியாகிறது. அந்த வரலாறு இல்லாத கிட்டாரில் வெட்டு வெறும் வெட்டுதான். பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் அநேகமாக எல்லோரும் இந்த இரண்டாவது வகை. மாற்றுவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா என்று அவர்கள் குழம்பும்போது கில்மோரையோ கிளாப்டனையோ முன்னுதாரணமாகக் காட்டுவது பயனற்றது.

எந்த வரிசையில் கேட்பது என்பது இங்கே முக்கியம். "இதை என்ன செய்யலாம்?" என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். "இதில் இதுவரை என்னென்ன செய்திருக்கிறார்கள்?" என்று முதலில் கேட்டுவிட்டால், மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும் என்பது என் துணிபு.

அதற்கு முன், பழைய கிட்டாருக்கு இந்த மதிப்பு வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஃபெண்டர் நிறுவனம் 1950-இல் பிராட்காஸ்டரைக் கொண்டுவந்தது. கிரெட்ச் நிறுவனத்தின் டிரம்ஸ் பெயரோடு மோதியதால் அடுத்த ஆண்டே அது டெலிகாஸ்டர் ஆனது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். குழுமத்திடம் விற்றார். சேகரிப்பவர்கள் இன்றும் அந்த ஆண்டில்தான் கோடு கிழிக்கிறார்கள். கிப்ஸன் பக்கம் கதை இன்னும் விசித்திரம். 1952-இல் வந்த லெஸ் பால், 1957-இல் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப்புகளைப் பெற்றது. 1958-இல் பொன்னிறப் பூச்சை விட்டு, செர்ரிச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மங்கும் சன்பர்ஸ்ட் பூச்சுக்கு மாறியது. 300 டாலருக்கும் குறைவான விலை. அப்படியும் சரியாக விற்கவில்லை. 1960 வரை ஏறக்குறைய 1,500 செய்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்த வடிவத்தையே கைவிட்டார்கள். பிறகுதான் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டனும் அமெரிக்காவில் மைக் புளூம்ஃபீல்டும் அதைக் கையிலெடுத்தார்கள். எல்லோருக்கும் அது வேண்டும் என்றானபோது தொழிற்சாலையில் அது இல்லை. 1968-இல் கிப்ஸன் லெஸ் பாலை மீண்டும் கொண்டுவந்ததே இந்தத் தேவையைப் பார்த்துத்தான். இன்று ஓர் அசல் சன்பர்ஸ்ட் பல லட்சம் டாலர்.

1970-களில் கிட்டாரைக் குடைந்தவர்களைப் பற்றி இப்போது ஏளனமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. அன்று 1957 ஸ்ட்ராட் என்பது பதினைந்து, இருபது வருடம் பழகிய ஒரு கிட்டார், அவ்வளவுதான். ஒற்றைச் சுருள் பிக்கப் இரைகிறது, ஆம்ப்ளிஃபயரை இன்னும் முடுக்க வேண்டும், பாலத்தருகே ஹம்பக்கர் வேண்டும். டிமார்ஸியோ நிறுவனம் 1970-களின் தொடக்கத்திலேயே கூடுதல் வலுவுள்ள பிக்கப்புகளை விற்கத் தொடங்கியிருந்தது. தச்சுக் கருவியால் பள்ளத்தை அகலமாக்கினார்கள். அடுத்து ஃப்ளாய்ட் ரோஸ் ட்ரெமலோ வந்தது. அதற்கும் மரம் குடைய வேண்டும். வாசித்துப் பிழைத்தவர்கள் தங்கள் கருவியைத் தங்கள் வேலைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள்.

சில மாற்றங்கள் குறையை நிவர்த்தி செய்தவையும்கூட. 1952 லெஸ் பாலில் கழுத்தின் சாய்வு மிகக் குறைவு. அதனால் தந்திகளைப் பாலத்தின் மேலே அல்லாமல் அடியில் சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வலது உள்ளங்கையைப் பாலத்தில் வைத்துத் தந்தியை அமுக்கி வாசிக்க அதில் வழியே இல்லை. கிப்ஸனே அடுத்த ஆண்டு அதைத் திருத்தியது. 1952 கிட்டாரை வாங்கி வாசிப்பவர் ஒருவர் கழுத்தைக் கழற்றி மறுகோணத்தில் பொருத்தியிருந்தால் அதைச் சிதைவு என்று நான் சொல்லமாட்டேன். வயலின் உலகம் இதைவிடப் பெரிய மாற்றத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ராடிவாரியின் வயலின்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் கழுத்தை நீளமாக்கி, கோணத்தை மாற்றி, உள்ளே இருக்கும் பாஸ் பாரையும் மாற்றியிருக்கிறார்கள். பெரிய அரங்குகளுக்குப் பெரிய ஓசை தேவைப்பட்டது. அந்த மாற்றம் நடந்திராவிட்டால் அவை இன்று மேடையில் இருக்காது.

ஆகவே மாற்றுவதே குற்றம் என்ற வாதம் நிற்காது. பாப் உலகின் சான்றுகளும் அதையே சொல்கின்றன. கீத் ரிச்சர்ட்ஸின் 'மிகாபர்' 1950-களின் முற்பகுதியைச் சேர்ந்த டெலிகாஸ்டர். கழுத்தருகே கிப்ஸன் ஹம்பக்கரைப் பொருத்தி, ஒரு தந்தியைக் குறைத்து, ஐந்து தந்தியில் வாசிக்கிறார். நீல் யங்கின் 1953 லெஸ் பாலுக்குக் கறுப்புப் பூச்சு, பிக்ஸ்பி ட்ரெமலோ, வேறு கிட்டாரிலிருந்து வந்த பிக்கப். ஸ்டீவி ரே வான் தன் ஸ்ட்ராட்டில் இடக்கைக்காரர்களுக்கான ட்ரெமலோவை மாட்டினார். பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பாலில் கழுத்துப்பக்க பிக்கப்பின் காந்தம் திசைமாறி இருக்கிறது. இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்து ஒலிக்கையில் மூக்கால் பாடுவதுபோல ஒரு மெலிந்த குரல் வரும். வேறெந்தச் சன்பர்ஸ்ட்டிலும் இல்லாத அந்தக் குரலோடுதான் அது கேரி மூரிடம் போனது. 2014 முதல் மெட்டாலிகாவின் கர்க் ஹாம்மெட்டிடம் இருக்கிறது. அந்தக் காந்தத்தை 'சரிசெய்ய' யாரும் துணியவில்லை என்பது நல்லகாலம்.

இத்தனைக்குப் பிறகும், இன்றைய நிலையில் கைபடாத ஒரு பழைய கிட்டாரை வெட்டக்கூடாது என்றுதான் நான் வாதிடுவேன். காரணம் விலை மட்டுமல்ல. அன்று மாற்றியவர்களுக்கு வேறு வழி குறைவு, இன்று உண்டு. கைபடாதவை அன்று ஏராளம். இன்று அவை குறைந்துகொண்டே போகின்றன, புதிதாக ஒன்றுகூடப் பிறக்கப்போவதில்லை. அவை தயாரிப்பு முறையின் சாட்சிகள். சி.பி.எஸ். காலத்தில் தரம் தாழ்ந்து கெட்டுப்போன பெயரை மீட்க ஃபெண்டர் 1982-இல் 1957, 1962 மாதிரிகளை மறுபடி வெளியிட்டபோது, அளவெடுக்க அவர்களுக்கே பழைய கிட்டார்கள் தேவைப்பட்டன. சொந்தத் தொழிற்சாலையின் வரைபடங்களைவிடப் பழைய கிட்டார்கள் அவர்களுக்கு அதிகம் சொல்லின.

சரி, கையிலிருப்பது கைபடாததா என்று எப்படித் தெரியும்? 1960-களின் ஸ்ட்ராட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கழுத்தும் உடலும் சேருமிடத்தில் இருக்கும் உலோகத் தகட்டின் வரிசை எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நான்கு திருகைக் கழற்றினால் வேறு கிட்டாருக்கு மாறிவிடக்கூடிய தகடு அது. அதை மட்டும் நம்பக்கூடாது. தந்திகளைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினால் அதன் அடிப்புறத்தில் தேதி இருக்கும்: 1962-இன் தொடக்கம் வரை பென்சிலில், அதன்பின் முத்திரையாக. முகத்தகட்டின் பதினோரு திருகுகளையும் கழற்றி மெதுவாகப் புரட்டினால் குமிழ்களுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகில் எண்கள் தெரியும். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் தயாரிப்பு, 137 என்றால் சி.டி.எஸ். அடுத்து ஆண்டு, அதற்கடுத்து வாரம். 304-6612 என்றால் 1966-இன் பன்னிரண்டாவது வாரத்தில் ஸ்டாக்போல் செய்தது. ஆனால் 1966-இல் ஃபெண்டர் இவற்றைப் பெருமளவில் வாங்கிக் குவித்ததால், அந்தப் பாகம் சில ஆண்டுகள் கழித்து வந்த கிட்டாரிலும் இருக்கும். இந்த எண் காட்டுவது 'இதற்கு முன் செய்திருக்க முடியாது' என்ற எல்லையை மட்டுமே.

அதைவிட முக்கியம் ஈயப் பற்றுகள். அறுபது ஆண்டு பழைய பற்று மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒயர்களின் மேல் துணிச்சுற்று இருக்கும். ஒரு முனையில் மட்டும் ஈயம் பளிச்சென்று மின்னினால் யாரோ அங்கே சூடு வைத்திருக்கிறார்கள். பூச்சைப் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தால், வயதான நைட்ரோசெல்லுலோஸ் மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும். பிற்பாடு தொட்டுப் பூசிய இடம் கறுத்துத் தனித்துத் தெரியும். இந்தச் சோதனைக்கும் எல்லை வேண்டும். கிப்ஸன் ஹம்பக்கரின் உலோக மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் பழைய பற்றை உருக்கியாக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆவலில் அதைச் செய்பவர் தான் தேடிய சான்றைத் தானே அழிக்கிறார். இதில் பழகிய பழுதுபார்ப்பவரிடம் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது உத்தமம்.

இந்தச் சோதனை முடிந்ததும் கிட்டார் இரண்டு வகையில் ஒன்றில் விழும். ஏற்கெனவே வேறு பூச்சு பூசியது, குடைந்தது, தலைப்பகுதி உடைந்து ஒட்டியது எல்லாம் ஒரு வகை. கிப்ஸனின் தலைப்பகுதி 17 டிகிரி சாய்வானது, அதுவும் ட்ரஸ் ராடுக்காக மரம் குடைந்த இடத்தில் சாய்கிறது. ஸ்டாண்டிலிருந்து மல்லாந்து விழுந்தாலே முறியும். முழுவதும் மறுபூச்சு பூசினாலும் தலை முறிந்தாலும் விலை ஏறக்குறையப் பாதியாகும் என்பது வணிகர்களின் பொதுக் கணக்கு. இந்த வகைக் கிட்டார்களை வாசிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், தங்கள் காதுக்கு ஏற்ப மாற்றலாம். பழைய மரம், பழைய கழுத்து, பாதி விலை. பழைய கிட்டாரை வைத்து உண்மையில் இசை செய்ய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மறுபூச்சிலும் வரலாறு நுழைந்துவிடுவதுண்டு. ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் சிவப்பு ஸ்ட்ராட்டோடு மேடையேறிய பிறகு இங்கிலாந்தில் எல்லோருக்கும் சிவப்பு வேண்டியிருந்தது. இறக்குமதியாளர்கள் சன்பர்ஸ்ட் ஸ்ட்ராட்களைச் சிவப்பாக்கி விற்றார்கள். இன்று அவற்றை அந்தக் காலத்துக்கே உரிய சிறு வகையாகத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் உரித்து 'அசல்' சன்பர்ஸ்ட்டுக்குக் கொண்டுபோவது இரண்டாவது அழிவு.

கைபடாத கிட்டார் என்றால் மாற்றங்களைத் தரம் பிரிக்க வேண்டும். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியவை ஒருபுறம். ஸ்ட்ராட்டில் மூன்றுநிலை சுவிட்சை எடுத்துவிட்டு ஐந்துநிலை சுவிட்ச் வைப்பது இதற்கு நல்ல உதாரணம். ஃபெண்டரே 1977-இல்தான் ஐந்துநிலைக்கு மாறியது. அதற்கும் பழைய பற்றை உருக்கவேண்டும் என்பதால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். வாசிப்பவருக்கு அந்த இழப்பு தகும் என்றே நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: எடுத்த சுவிட்ச், திருகு, ஒயர்த்துண்டு எல்லாவற்றையும் உறையில் போட்டுக் கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். வீட்டில் வேறெங்காவது வைத்த உதிரிபாகம் இரண்டு வீடு மாறினால் காணாமல்போகும்.

ஃப்ரெட் மாற்றுவது தனியாகப் பேச வேண்டியது. தேய்ந்த ஃப்ரெட்டோடு கிட்டாரை வாசிக்க முடியாது. மெல்லிய தந்திகளின் அடியில் முதல் மூன்று, நான்கு ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழுந்து சுருதி பிசகும், தந்தி உரசும். நல்ல கையால் ஃப்ரெட் மாற்றினால் விலை சற்றே குறையும், கருவி உயிர்பெறும். ஆனால் பழைய ஃபெண்டர்களில் ஃப்ரெட்டை மேலிருந்து அடித்து இறக்கவில்லை, பக்கவாட்டில் செலுத்தினார்கள். இது தெரியாதவர் மேல்நோக்கிப் பிடுங்கினால் விரல்பலகையிலிருந்து சிம்பு சிம்பாக மரம் பெயர்ந்து வரும். யாரிடம் கொடுக்கிறோம் என்பது செய்யலாமா என்பதைவிடப் பெரிய கேள்வி. பூச்சு, குடைவு, புதுத் துளை, கழுத்தைச் செதுக்கி மெலிதாக்குவது ஆகியவற்றுக்குத் திரும்புகிற வழியே இல்லை. கைபடாத கிட்டாரில் இவை எதுவும் கூடாது.

அப்படியே வைத்துக்கொள்வதும் சும்மா இருப்பதல்ல. 1959-லிருந்து சில ஆண்டுகள் ஃபெண்டர் பயன்படுத்திய செல்லுலாய்டு முகத்தகடுகள் தாமாகவே சுருங்குகின்றன. திருகுத் துளைகளிலிருந்து விரிசல் ஓடுகிறது. 1950-களின் கிப்ஸனில் சுருதித் திருகுகளின் பிளாஸ்டிக் முனைகள் பொடிப்பொடியாக உதிர்கின்றன. மூடிய பெட்டிக்குள்ளேயும் காலம் வேலை செய்கிறது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது மரத்துக்கு நல்லது. நைட்ரோ பூச்சு சிலவகை ரப்பரோடு சேர்ந்தால் இளகிக் கறைபடும். ஸ்டாண்டின் கைகளில் துணி சுற்றாமல் வைக்கக்கூடாது. பூச்சில் ஓடும் மெல்லிய வெடிப்புகளைப் பாலிஷ் போட்டு மறைக்கப்போனால் கெடுதல்தான். வாரம் ஒருமுறையாவது எடுத்து வாசிக்க வேண்டும். முறுக்கேறிய கழுத்தும் கரகரக்கும் குமிழும் வாசிப்பவர் கையில்தான் முதலில் தெரியவரும்.

விற்பதென்றால் வழிகள் பல, ஒவ்வொன்றிலும் கழிவு உண்டு. கடைக்காரர் உடனே பணம் தருவார். அவர் விற்கப்போகும் விலையில் கணிசமான பகுதியை அவர் வைத்துக்கொண்டாக வேண்டும். கடையில் ஒப்படைத்து விற்கச் சொன்னால் தரகு போகும், காத்திருக்க வேண்டும். பிரபலத்தின் பெயர் இல்லாத கிட்டாருக்கு ஏலம் உகந்ததல்ல. நேரடியாக விற்றால் அதிகம் கிடைக்கும், பேச்சும் தொல்லையும் அதிகம். அமெரிக்காவில் சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு வரி 28 சதவீதம் வரை போகும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் பலரும் விலை பேசிவிடுகிறார்கள். விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையும் உறுதியானதல்ல: 2008 நிதி நெருக்கடியில் பழைய கிட்டார்களின் விலை சரிந்தது, உச்சத்தில் கடன் வாங்கிச் சேகரித்தவர்கள் அடிபட்டார்கள்.

எல்லை கடந்து விற்பவர்களுக்கு மரமும் ஒரு தடை. 1959 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் விரல்பலகைகள் பலவும் பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனவை. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1992-இல் அந்த மரத்தை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. பழைய கிட்டாரே ஆனாலும் உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது. பிரேசில் மரம் அரிதானபோது, 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கிட்டார்த் தொழிற்சாலைகள் திரும்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தின் பக்கம். 2017-இல் ஈட்டியும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது; 2019-இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள். பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை.

விற்பனையில் நான் முற்றிலும் எதிர்க்கும் வழி ஒன்று உண்டு. பி.ஏ.எஃப். எனப்படும் 1950-களின் கிப்ஸன் ஹம்பக்கர் பிக்கப்புகள், மூடிகள், குமிழ்கள், ஏன், பிளாஸ்டிக் வளையங்கள்கூடத் தனித்தனியாக விற்றால் முழுக் கிட்டாரைவிட அதிகம் தேறும் நிலை வந்திருக்கிறது. அதனால் முழுக் கிட்டாரைப் பிரித்து விற்கிறார்கள். அந்தப் பாகங்கள் வேறு கிட்டார்களுக்குள் போய், அவற்றையும் சந்தேகத்துக்கு உரியவையாக்குகின்றன. ஒரு கிட்டாரின் மரணம் இன்னும் நான்கின் வரலாற்றைப் பொய்யாக்குகிறது.

விற்பவர் செய்யவேண்டியது இதன் எதிர்த்திசையில் இருக்கிறது: மாற்றியவை எவை, எப்போது, யார் செய்தது, எடுத்த பாகம் எங்கே என்று எழுதி, கழுத்தின் அடிப்புறத்தையும் முகத்தகட்டின் உட்புறத்தையும் படமெடுத்துக் கிட்டாரோடு கொடுப்பது. வாங்குபவருக்கு நம்பிக்கை வரும், விலையும் நிற்கும். அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கல்லாகர் 1963-இல் கார்க் நகரில் 100 பவுண்டுக்கு வாங்கிய 1961 ஸ்ட்ராட்டைக் குடும்பத்தினர் 2024-இல் ஏலத்துக்குக் கொடுத்தபோது, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்குவதற்காகவே அதை வாங்கினார்கள். வியர்வையில் பூச்சின் பெரும்பகுதி கரைந்து மரம் தெரியும் கிட்டார் அது. வாங்கியவர்களுக்கு அதன் அறுபதாண்டு வரலாறும் ஆண்டு வாரியாகத் தெரிந்திருந்தது.

இன்று இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக நிற்பது 1950-களின் கிட்டார்களில் இல்லை. அவற்றின் விலையே அவற்றைக் காக்கிறது. 1970-களின் மூன்று திருகுக் கழுத்துள்ள ஸ்ட்ராட், கிப்ஸன் நார்லின் நிறுவனத்தின் கையிலிருந்த காலத்தில் பல அடுக்கு மரத்தால் செய்த லெஸ் பால், 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த டோக்காய், கிரெக்கோ, ஃபெண்டர் ஜப்பான் கிட்டார்கள்: இவற்றை மட்டமானவை என்றோ நகல் என்றோ சொல்லித் தயங்காமல் குடைகிறார்கள். 1975-இல் 1957 ஸ்ட்ராட்டைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள். இவற்றில் எதற்கு நாளை என்ன இடம் கிடைக்கும் என்று இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது. ஹம்பக்கர் பொருத்திப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு, அதற்கென்றே பள்ளம் வெட்டி வரும் புதிய ஸ்ட்ராட் உடல் ஒரு நல்ல பிக்கப்பின் விலையில் கிடைக்கிறது. திருகுத் துளைகள் பொருந்தினால் பழைய கழுத்தைக்கூட அதில் மாட்டி வாசிக்கலாம். பழைய உடல் பெட்டிக்குள் இருக்கட்டும்.